அஞ்சு நிமிஷம் எழுந்து போக ஒரு காரணம் வேணுமா?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடில் தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த குரல் பதிவுகளில் ஒருத்தர் கொஞ்சம் கோபமாவே கேட்டிருந்தார். "தூக்கமெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதானே? மத்தியானம் மூணு மணிக்கு, சீட்ல உக்காந்திருக்கும்போதே தலை இறுகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" நியாயமான கேள்வி. இன்னைக்கு அதைத்தான் எடுத்திருக்கேன். வேலைக்கு நடுவுல எடுக்கிற குட்டி இடைவேளை. ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அதிகம் போனா பத்து நிமிஷம். அது நிஜமாவே ஏதாவது செய்யுதா, இல்ல நமக்கு நாமே சொல்லிக்கிற சமாதானமா?

இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன்.

சென்னையில் ஒரு கால் சென்டர்ல சில வருஷம் வேலை பார்த்தேன். தொலைபேசி நிறுவனம் ஒன்றின் தமிழ் வாடிக்கையாளர்களுக்கான பிரிவு. கால் சென்டர்ல இருந்தவங்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். அங்கே இடைவேளை என்பது நாம எடுக்கிறது இல்லை, நமக்கு ஒதுக்கப்படறது. ஒன்பது மணி நேர ஷிஃப்ட்ல பதினஞ்சு, முப்பது, பதினஞ்சு நிமிஷம்னு மூணு துண்டு. சீட்டை விட்டு எழுந்தா கம்ப்யூட்டர்ல அதுக்கான குறியீட்டைப் போடணும். சாப்பாட்டுக்கு ஒண்ணு, டீக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணு. நீங்க எத்தனை செகண்டு எங்கே இருந்தீங்கன்னு ஒரு திரையில ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு அழைப்பு முடிஞ்சா அடுத்தது காதுல தானா வந்து விழும். நடுவுல சில செகண்டுதான்.

ஒரு நாள் சாயங்காலம் ஒருத்தர் அழைச்சார். பில் தகராறு. கிட்டத்தட்ட இருபது நிமிஷம் கத்தினார். என் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினார். நாங்க அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. அவரே வெச்சார். வெச்ச அடுத்த நொடி பீப் சத்தம். அடுத்த அழைப்பு. ஒரு வயசான அம்மா. "தம்பி, எங்க வீட்டுக்காரர் தவறிட்டார். அவர் நம்பரை நிறுத்தணும்"னு சொன்னாங்க. நம்பரை நிறுத்தணும்னு யார் கேட்டாலும் படிக்கச் சொல்லி எங்களுக்கு ஒரு வாசகம் கொடுத்திருப்பாங்க. நான் அதைப் படிச்சேன். "மேடம், நிறுத்துறதுக்குப் பதிலா இதைவிடக் குறைஞ்ச பிளானுக்கு மாறிக்கலாமே, மாசம் இவ்வளவுதான் ஆகும்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவர் இல்லப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க.

அவங்க சொன்னது என் காதுல விழலைன்னு சொல்ல முடியாது, விழுந்தது. ஆனா உள்ளே போகலை. நான் இன்னும் முந்தின அழைப்புக்குள்ளேயே இருந்தேன். அந்த ரெண்டு அழைப்புக்கும் நடுவுல எனக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சிருந்தா அந்த வாசகத்தைப் படிச்சிருக்க மாட்டேன்னு நான் இன்னைக்கும் நம்பறேன். நிரூபிக்க முடியாது. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல உடம்புக்குள்ள என்ன நடந்திருக்கும்னு சொல்ல முடியும்.

ஒருத்தர் நம்மளைப் பார்த்துக் கத்தும்போது உடம்பு அதை ஆபத்துன்னுதான் எடுத்துக்கும். பாம்பா, பில் தகராறான்னு அது பிரிச்சுப் பார்க்காது. முதல்ல அட்ரினலின். இதயம் வேகமா அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், தோள் இறுகும். இது சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். ரத்தத்துல அதோட அளவு சில நிமிஷத்துலயே இறங்க ஆரம்பிச்சிடும். ரெண்டாவதா வர்றது கார்ட்டிசால். இது மெதுவான ஆள். பிரச்சினை ஆரம்பிச்சு இருபது, முப்பது நிமிஷம் கழிச்சுத்தான் உச்சத்துக்கே போகும். அதாவது, கத்தினவர் போனை வெச்சுட்டுப் போய் டீ குடிச்சுக்கிட்டு இருப்பார், நம்ம உடம்புல அவர் இன்னும் கத்திக்கிட்டு இருப்பார். அது இறங்கறதுக்குள்ள அடுத்த கத்தல் வந்தா அதுக்கு மேலயே ஏறி உக்காரும். அதுக்கு மேல இன்னொண்ணு. ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா சின்ன விஷயம்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை தண்ணி டம்ளரைக் கொட்டினதுக்கு ஏன் அப்படிக் கத்தினோம்னு நமக்கே புரியாம போறது இதனாலதான்.

கிணத்துப் பாசனம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை ரொம்பச் சுலபமா சொல்லிடலாம். மோட்டார் போட்டுத் தண்ணி இறைக்கறோம். ஒரு கட்டத்துல தண்ணி அடியில போயிடும், மோட்டார் காத்தை இழுக்கும். அப்போ என்ன செய்வாங்க? நிறுத்திடுவாங்க. "ஊறட்டும்"பாங்க. ஊத்து ஊற விட்டுத் திரும்பப் போடுவாங்க. ஊற விடாம ஓட்டினா மோட்டார்தான் போகும். நெதர்லாந்துல மெய்மன், முல்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1998ல எழுதின ஒரு கோட்பாடு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. வேலை செய்யறதுல களைப்பு வர்றது இயல்பு, அது தப்பே இல்லை. வேலை நின்னா அந்தக் களைப்பு தானா வடியும். வடியறதுக்கு முன்னாடியே அடுத்ததை ஏத்தினாத்தான் அது தங்கி நோயா மாறுது. இந்தத் துறையில இன்னைக்கு நடக்கற ஆராய்ச்சிகள்ல நிறைய இந்த அடிப்படையிலிருந்துதான் கிளம்புது.

சரி, சின்ன இடைவேளைக்கு அந்தச் சக்தி உண்டான்னு யாராவது அளந்து பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க. 2022ல ருமேனியா ஆராய்ச்சியாளர்கள், அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் ஒண்ணா சேர்த்து ஒரு கட்டுரை எழுதினாங்க. 22 ஆய்வுத் தொகுதிகள், ரெண்டாயிரத்துக்கும் மேல ஆட்கள். பத்து நிமிஷத்துக்கு மேல போகாத இடைவேளை மட்டும்தான் அவங்க கணக்கு. முடிவு என்னன்னா, களைப்பு குறையுது, தெம்பு கூடுது. பெரிய அளவுல இல்லை, மிதமா, ஆனா தெளிவா.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். "இடைவேளை எடுத்தா வேலை பிச்சுக்கிட்டுப் போகும்"னு நிறைய பேர் மேடையில சொல்றாங்க இல்லையா, அந்தக் கட்டுரையில அது அவ்வளவு உறுதியா வரலை. மொத்தமா எடுத்துக்கிட்டா வேலைத்திறன்ல பெரிய மாற்றம் தெரியலை. மூளையை ரொம்பப் பிழியற வேலைகளுக்குப் பத்து நிமிஷம் போதாமலும் இருக்கலாம்னுதான் அவங்க எழுதறாங்க. இடைவேளை கொஞ்சம் நீண்டா பலன் கூடுது. எனக்கு இது ஏமாத்தமா இல்லை. ஏன்னா, ஒரு மனுஷன் களைப்பாறணும்னா, அதனால முதலாளிக்கு எவ்வளவு லாபம்னு கணக்குக் காட்டித்தான் அனுமதி வாங்கணுமா என்ன? களைப்பு குறையுதுங்கறதே போதுமான காரணம்.

மைக்ரோசாஃப்ட் 2021ல ஒரு சின்னப் பரிசோதனை செஞ்சாங்க. 14 பேர்தான். தலையில மூளை அலைகளை அளக்கற கருவியை மாட்டி, அரை மணி நேர வீடியோ மீட்டிங் நாலை வரிசையா வெச்சாங்க. ஒரு நாள் நடுவுல இடைவெளியே இல்லாம. இன்னொரு நாள் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம், அதுல அமைதியா தியானம். இடைவெளி இல்லாத நாள்ல, மன அழுத்தத்தோட சேர்த்துப் பார்க்கப்படற பீட்டா அலைகள் மீட்டிங்குக்கு மீட்டிங் ஏறிக்கிட்டே போச்சு. இடைவெளி விட்ட நாள்ல ஒவ்வொரு தடவையும் இறங்கி, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்தது. வீடியோ மீட்டிங் மென்பொருள் விக்கறவங்களே செஞ்ச ஆய்வு, ஆட்களும் கம்மி. அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா அந்தப் படத்தைப் பார்த்தப்போ எனக்கு அந்த ரெண்டு அழைப்பும்தான் ஞாபகம் வந்தது.

இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்புன்னு நினைச்சுடாதீங்க. ஃபிரெடரிக் டெய்லர்னு ஒரு அமெரிக்கர். தொழிலாளியோட ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வெச்சு அளந்த ஆள். 1911ல அவர் எழுதின புத்தகத்துல ஒரு கதை வருது. பெத்லகேம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில ஏத்தற வேலை. ஒரு கட்டி 42 கிலோ கிட்ட வரும். ஒரு ஆள் நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏத்திக்கிட்டு இருந்தாராம். டெய்லர் சொன்ன முறையில் 47 டன் வரைக்கும் ஏத்தினாராம். என்ன முறை? வேலை நேரத்துல 43 சதவீதம்தான் சுமை கையில இருக்கணும், 57 சதவீதம் கை காலியா இருக்கணும். உக்காருன்னு சொல்லும்போது உக்காரணும். பின்னால வந்த வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கதையை டெய்லர் ரொம்பவே மெருகேத்திட்டார்னு சொல்றாங்க, அதையும் சேர்த்துக்கங்க. தொழிலாளி மேல இருந்த இரக்கத்துல அவர் இதைச் செய்யலை. இன்னும் நிறைய பிழியறதுக்காகத்தான் செஞ்சார். பிழியணும்னு கிளம்பின ஆளே ஓய்வைக் கணக்குல சேர்க்க வேண்டியதாச்சுங்கறதுதான் எனக்கு வேடிக்கை.

அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி நம்ம ஊர்ல இதுக்குக் கல்லே நட்டு வெச்சிருக்காங்க. சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கீங்களா? பழைய சாலை ஓரங்கள்ல, குளத்துக்கரையில இன்னும் சில இடத்துல நிக்குது. ரெண்டு கல்லை நட்டு, மேல குறுக்கே ஒரு கல். அவ்வளவுதான். ஆனா அதோட உயரத்தைக் கவனியுங்க. தலைச்சுமையோட வர்ற ஆள் குனியாம, யார் உதவியும் இல்லாம, நின்ன வாக்குல சுமையை அதுமேல தள்ளிடலாம். கீழே இறக்கினா திரும்பத் தூக்கிவிட ஆள் வேணும். இதுல வேண்டாம். கழுத்து ஆறின பிறகு தலையைக் கொடுத்து வாங்கிக்கிட்டுப் போயிடலாம். கர்ப்பிணியா இருக்கும்போதே இறந்துபோன பெண்கள் நினைவா இதை நடற வழக்கம் இருந்தது. அவங்களால இறக்கி வைக்க முடியாத சுமைக்கு ஈடா, வழியில போறவங்க சுமையையாவது இறக்கி வைக்கட்டும்னு. அதைக் கடந்து போனவங்க யாரும் வேலையை விட்டவங்க இல்லை. மூட்டை போய்ச் சேரணும். போய்ச் சேர்றதுக்கு நடுவுல ஒரு இடம் வேணும்.

இப்போ நம்ம மூட்டைக்கு வருவோம். இடைவேளை கிடைச்சா என்ன செய்யறது?

நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்யறது, போனை எடுக்கறது. ரீல்ஸ் பார்க்கறது. அது ஓய்வு மாதிரியே இருக்கும். ஆனா கண் அதே தூரத்துல, அதே வெளிச்சத்துல, கழுத்து அதே குனிவுல இருக்கு. அதோட ஒவ்வொரு பதினஞ்சு செகண்டுக்கும் ஒரு புது விஷயம். ஒண்ணு சிரிப்பு, அடுத்தது விபத்து, அதுக்கு அடுத்தது பிரியாணி. அமெரிக்காவில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல 2019ல வந்த ஒரு ஆய்வுல, நானூறுக்கு மேல மாணவர்களுக்குச் சொல் புதிர் கொடுத்து, நடுவுல சிலருக்குப் போன்ல இடைவேளை, சிலருக்குத் தாள்லயோ கம்ப்யூட்டர்லயோ இடைவேளை, சிலருக்கு இடைவேளையே இல்லை. திரும்பப் புதிருக்கு வந்தப்போ போன்காரங்க அதிக நேரம் எடுத்து, குறைவாத்தான் முடிச்சாங்க. கிட்டத்தட்ட இடைவேளையே எடுக்காதவங்க மாதிரி. நானும் போனை எடுக்கற ஆள்தான். நல்லவன் வேஷம் போடலை. ஆனா அஞ்சு நிமிஷம் கையில இருக்கும்போது அதைப் போனுக்குக் கொடுத்துட்டு, "இடைவேளை எடுத்தும் களைப்பு போகலையே"ன்னு கேட்கறதுல அர்த்தமில்லை.

இன்னொண்ணு, எழுந்து போயும் மனசு சீட்லயே இருக்கறது. டீக்கடையில நிப்போம், தலைக்குள்ள அந்த மெயில் ஓடிக்கிட்டே இருக்கும். சோஃபி லெரோய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல இதுக்குப் பெயர் வெச்சார். கவனத்தின் மிச்சம்னு தமிழ்ல சொல்லலாம். பாத்திரத்தைக் கவுத்தாலும் அடியில ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது மாதிரி. அதிலும் வேலை பாதியில நின்னா இன்னும் கெட்டியா ஒட்டும். அவரும் அவரோட சகாவும் 2018ல ஒரு எளிய வழியைச் சோதிச்சாங்க. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், எங்கே விட்டேன், திரும்ப வந்ததும் முதல்ல எதைச் செய்யணும்னு எழுதி வைக்கறது. எழுதி வெச்சவங்களுக்கு அடுத்த விஷயத்துல மனசு நல்லா பதிஞ்சது. நான் இதை ரொம்ப நாளா செய்யறேன். ஒரு துண்டுத் தாள். "மூணாவது பத்தி, அந்த எண்ணைச் சரிபார்" அவ்வளவுதான். இன்னைக்குப் பேசற எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துக்குவேன்னா இதை எடுத்துக்கங்கன்னு சொல்வேன்.

அப்புறம் மூச்சு. மூச்சுப் பயிற்சின்னா உடனே பாய் விரிச்சுக் கண்ணை மூடணும்னு இல்லை. ஸ்டான்ஃபோர்டுல 2023ல ஒரு ஆய்வு, நூத்துச் சொச்சம் பேர், தினமும் அஞ்சு நிமிஷம், நாலு வாரம். மூணு விதமான மூச்சுமுறையையும் தியானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மனநிலையை அதிகமா மேலே கொண்டுவந்தது பெருமூச்சு. ஆமா, நம்ம பாட்டிமார் விடற பெருமூச்சேதான். மூக்கு வழியா ஒரு மூச்சு இழுத்து, அதுக்கு மேலயே இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாய் வழியா மெதுவா, நீளமா விடறது. மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், அதனால விடறதை நீட்டறோம். சீட்ல உக்காந்தபடியே செய்யலாம். வீட்ல செஞ்சா "என்னடா விளக்கு வைக்கற நேரத்துல பெருமூச்சு"ன்னு திட்டுவாங்க, அதனால ஆபீஸ்லயே முடிச்சுடுங்க.

கண்ணுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தள்ளி இருக்கற எதையாவது இருபது செகண்டு பார்க்கறது. திரையைப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டறது நல்லாவே குறைஞ்சிடும், கண் காய்ஞ்சு போயிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தா புண்ணியம் பண்ணவங்க. இல்லைன்னா வராண்டாவோட மறுகோடி.

நடக்கறதுக்கு நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2023ல வந்த ஆய்வு ஒண்ணு. அரை மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்தா, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறற சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறையுதுன்னு பார்த்தாங்க. 11 பேர் மட்டும்தான். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்தா எந்த மேனேஜர் விடுவார்னு கேட்பீங்க. சரி, ஒரு மணிக்கு ஒரு தடவை தண்ணி பிடிக்கவாவது எழுந்திருங்க. பெரிய பாட்டிலுக்குப் பதிலா சின்ன டம்ளர் வெச்சுக்கிட்டா தானா எழ வேண்டி வரும். இது ஆய்வு இல்லை, என் தந்திரம்.

டீ? டீயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனா டீ இடைவேளையில நமக்கு நல்லது செய்யறது டீ மட்டும் இல்லை. படி இறங்கிப் போறது, வெயில் மேல படறது, கடைக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல குடிக்கற டீயோட காஃபீன்ல ஒரு பகுதி ராத்திரி பத்து மணிக்கும் ரத்தத்துல இருக்கும். அதனால நேரமாயிட்டா டீயை விட்டுட்டுக் கடைக்கு மட்டும் போங்க. இன்னொரு விஷயம், அஞ்சு நிமிஷமும் மேனேஜரைத் திட்டறதுலயே போனா அது இடைவேளை இல்லை, வேலையோட தொடர்ச்சி. கொஞ்சம் திட்டிக்கலாம், தப்பில்லை. பாதியில பேச்சை கிரிக்கெட்டுக்கு மாத்திடுங்க.

சிகரெட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தம் அடிச்சா டென்ஷன் குறையுதுன்னு நண்பர்கள் சொல்வாங்க. அதுல குறையறது பெரும்பாலும் நிக்கோட்டின் இல்லாம ஏறின டென்ஷன்தான். முந்தின சிகரெட் உண்டாக்கின பள்ளத்தை அடுத்த சிகரெட் நிரப்புது. ஆனா எங்க அலுவலகத்துல நான் கவனிச்சது வேற. "தம் அடிச்சுட்டு வரேன்"னு போறவனை யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. "சும்மா வெளியில நின்னுட்டு வரேன்"னு சொல்லிப் பாருங்க, ஒரு மாதிரி பார்ப்பாங்க. புகை பிடிக்காத பசங்க சிலர், அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே கூடப் போய் நின்னு, கடைசியில அவங்களும் பிடிக்க ஆரம்பிச்சதை நான் பார்த்திருக்கேன். சும்மா நிக்கறதுக்கு ஒரு மரியாதை இருந்திருந்தா அவங்க தப்பிச்சிருப்பாங்க.

இதுவரைக்கும் நான் பேசினது எழுந்து போக முடிஞ்சவங்களைப் பத்தி. ஒரு ஜவுளிக்கடையில வேலை பார்க்கற அக்கா அனுப்பின குரல் பதிவை, அவங்க அனுமதியோட, பெயர் இல்லாம சொல்றேன். "நீங்க எழுந்து நடங்கன்னு சொல்றீங்க தம்பி. நாங்க உக்காந்தாத்தானே எழுந்திரிக்க? காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கறதுதான். பாத்ரூம் போகணும்னா மாடி மாறணும், அதனால தண்ணியே குடிக்கறது இல்ல." இதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் இந்த எபிசோடை எழுதவே தோணலை.

அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. கேரளாவில ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருஷம் போராடி, 2018ல அங்கே சட்டத்தைத் திருத்த வெச்சாங்க. தமிழ்நாட்டுல 2021ல, 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் வந்தது. கடையில வேலை செய்யற எல்லாருக்கும் உக்கார இருக்கை போட்டுத் தரணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க உக்காரலாம்னு. முக்காலி போடாத கடை சட்டத்தை மீறற கடை. ஆனா முக்காலி இருந்தும் உக்காந்தா முறைக்கிற கண்காணிப்பாளர் இருந்தா என்ன செய்யறது? அதைச் சட்டத்துல எழுத முடியலை. தொழிற்சாலைகளுக்கு 1948லயே ஒரு கணக்கு வகுத்தாங்க, அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா வேலை வாங்கக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்கணும்னு. நின்னே வேலை பார்க்கற ஒரு உடம்புக்கு அஞ்சு மணி நேரம்ங்கறது எவ்வளவு நீளம்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது ரொம்பக் கொஞ்சம். நிக்கற இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, கெண்டைக்கால் தசை அமுங்கும்போது கீழே தேங்கின ரத்தம் மேலே ஏறும். கவுன்ட்டர் அடியில சின்னப் பலகை இருந்தா ஒரு காலை மாத்தி மாத்தி அதுமேல வைங்க, இடுப்பு வலி கொஞ்சம் தாங்கும். பக்கத்துக் கவுன்ட்டர் பெண்ணோட பேசி வெச்சுக்கிட்டு, நீ போ நான் பார்த்துக்கறேன்னு முறை போட்டுக்கங்க. தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, சிறுநீர்த் தொற்றுல போய் முடியும். அவங்க கடைசியா சொன்னதுக்குத்தான் என்கிட்ட பதில் இல்லை. "பெருமூச்சு விடறதுன்னா நாங்க ஏற்கெனவே நிறைய விடறோம் தம்பி."

இடைவேளையால தீராதது நிறைய இருக்கு. ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் தலையில கட்டிட்டு, சுவத்துல "ஆழமா மூச்சு விடுங்க"ன்னு போஸ்டர் ஒட்டினா அது கேலி. உலக சுகாதார நிறுவனம் 2019ல இந்த எரிஞ்சு போற நிலையைத் தன் பட்டியல்ல சேர்த்தப்போ, இது தனி மனுஷனோட நோய் இல்லை, வேலையோட தொடர்புள்ள நிலைன்னுதான் எழுதினாங்க. வாரக்கணக்கா தூக்கம் இல்லை, காலையில வேலையை நினைச்சாலே வயித்தைப் பிரட்டுது, எதுலயும் பிடிப்பு இல்லைன்னா அஞ்சு நிமிஷக் கதையெல்லாம் வேண்டாம், ஆள்கிட்ட பேசணும். டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச உதவி எண் இருக்கு, 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயும் பேசலாம். நெஞ்சு வலின்னா டென்ஷன்னு நீங்களே முடிவு பண்ணிடாம நேரா மருத்துவமனைக்குப் போங்க.

கால் சென்டர் கதைக்கு ஒரு மிச்சம் இருக்கு. அப்புறம் நான் டீம் லீடர் ஆனேன். இடைவேளை எவ்வளவு நேரம் தாண்டிச்சுங்கற பட்டியல் தினமும் என் மேஜைக்கு வரும். ஒரு பொண்ணு நாலு நிமிஷம் தாண்டினதுக்கு எல்லார் முன்னாடியும் காரணம் கேட்டவன் நான். அவங்க "தலைவலி சார்"னு சொல்லிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டாங்க. முந்தின அழைப்பு என்னன்னு நான் கேட்கலை. அன்னைக்கு ராத்திரி பதிவை எடுத்துக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்னு தோணுச்சு.

மறுநாள் என் குழுவுல மட்டும் ஒரு ஏற்பாடு செஞ்சோம். மோசமான அழைப்பு முடிஞ்சா கையைத் தூக்கலாம், ரெண்டு நிமிஷம், காரணம் கேட்க மாட்டேன். குறியீட்டுல "சிஸ்டம் கோளாறு"ன்னு போட்டுக்குவோம். எல்லாரும் ஏமாத்துவாங்கன்னு மத்த டீம் லீடர்கள் சொன்னாங்க. ஏமாத்தினவங்களும் இருந்தாங்க, ரெண்டு பேர். மத்தவங்க ஒரு நாளைக்கு ஒரு தடவை கூடக் கை தூக்கலை. தூக்கலாம்னு தெரிஞ்சதே போதும் போல. அஞ்சாறு மாசத்துல மேலிடத்துக்குத் தெரிஞ்சு நிறுத்திட்டாங்க. எங்க குழுவுக்கு ஏன் இத்தனை சிஸ்டம் கோளாறுன்னு ஐ.டி. ஆட்களை அனுப்பி, எல்லா கம்ப்யூட்டரையும் பிரிச்சுப் பார்த்தாங்க.

இதுல நீங்க மாட்டியிருக்கற இடம் எது, உங்க வேலையில அந்த ரெண்டு நிமிஷத்தை எப்படித் திருடறீங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க. ஆட்டோ ஓட்டறவங்க, நர்ஸ் அக்காக்கள், டெலிவரி தம்பிகள், உங்க பதிவுக்குத்தான் முக்கியமா காத்திருக்கேன். அடுத்த வாரம் சந்திப்போம்.